தொடரேடும் வீட்டுரிமையும்



‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இன்று பெங்களூரில் வாழும் நம்மவரைக் கேட்டால், ‘கட்டிய வீடு நம்முடையதுதான் என்று காட்டிப்பார்’ என மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். வீடு கண்முன்னே நிற்கிறது. மூன்று தலைமுறை அதில் பிறந்து வளர்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் வரியும் செலுத்தப்படுகிறது. ஆயினும் அவ்வீடு யாருடையது என்று கேட்டால் காட்டுவதற்கு வேண்டியது ஒரு தாள். அத்தாளை எங்ஙனம் நம்புவது? அதனை யாரும் திருத்தி எழுதிவிடாமல் எங்ஙனம் காப்பது? இவ்வினாக்களுக்கு விடையாகப் பிளாக்செயின் என்னும் கணிப்பொறி முறையைப் பலரும் இப்பொழுது சுட்டிக் காட்டுகின்றனர். தமிழில் இதனைத் தொடரேடு என்று வழங்கலாம்.

2025 நவம்பரில் நம் உச்ச நீதிமன்றம், பீகார் மாநிலப் பதிவு விதிகளைப் பற்றிய சமியுல்லா வழக்கில் தீர்ப்புரைத்தபோது, நாட்டின் பத்திரப் பதிவு முறையை இத்தகைய தொழில்நுட்பத்தின் துணையால் சீர்திருத்தும் வழியை ஆராயுமாறு சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. உரிமையியல் வழக்குகளுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சொத்து வழக்குகளே என்னும் மதிப்பீட்டையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. ஆகவே இஃது ஏதோ பணச் சூதாட்டக்காரர் பேச்சு என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. அறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதன் இயல்பை விளக்கவும், நான் குடியிருக்கும் மர்பி டவுன் போன்ற பகுதியில் இதனால் விளையக்கூடிய நன்மை தீமைகளை எடுத்துரைக்கவும் முயல்கிறேன்.

பத்திரம் வேறு, உரிமை வேறு

முதற்கண் இன்றைய நிலையைத் தெளிவாக அறிந்துகொள்வோம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரத்தின் வாயிலாகவே விற்க முடியும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவில் கூறுகிறது. பதிவு செய்யும் முறையை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் வகுத்திருக்கிறது. பத்திரம் எழுதிக் கொடுத்தவர் இவர்தாமா, முத்திரைத் தீர்வை சரியாகக் கட்டப்பட்டதா என்பன போன்றவற்றைச் சார்பதிவாளர் பார்க்கிறார். ஆனால், விற்றவருக்கு அதை விற்கும் உரிமை உண்மையில் இருந்ததா என்று விசாரித்துத் தீர்ப்புக் கூறுவது அவர் வேலை அன்று. சுருங்கச் சொன்னால், நம் நாட்டில் பதிவாவது கொடுக்கல் வாங்கல். உரிமைக்கு அரசு பொறுப்பேற்பதில்லை. இதனால்தான் வீடு வாங்குவோர் மூலப் பத்திரம், இடைப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று ஆகியவற்றையெல்லாம் சேகரித்துக்கொண்டு வழக்கறிஞர் வீட்டுக்கு நடக்கின்றனர்.

பெங்களூரில் இன்னொரு தாளும் உண்டு. அதற்குக் காத்தா என்று பெயர். கணக்கு என்பதே அச்சொல்லின் பொருள். இன்ன வீட்டுக்கு இன்னார் வரி செலுத்தவேண்டும் என்னும் மாநகராட்சிக் கணக்கே அது. காத்தா ஒன்றே உரிமைச் சான்று ஆகாது என்று நீதிமன்றங்கள் கூறியிருந்தும், மக்கள் அதனையே உரிமைச் சீட்டாகக் கருதி வருகின்றனர். 2024 அக்டோபர் முதல் பெங்களூரில் பத்திரம் பதிய மின்காத்தா கட்டாயம் என்று ஆகியபின் அந்த எண்ணம் மேலும் வலுப்பட்டிருக்கிறது.

வேறு வழியும் உலகில் உண்டு. தென் ஆஸ்திரேலியாவில் 1858-ஆம் ஆண்டு இராபர்ட் டாரன்ஸ் என்பவரின் முயற்சியால் ஒரு சட்டம் வந்தது. அம்முறைப்படி அரசின் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். அரசே அதற்குப் பிணை. பதிவேட்டின் பிழையால் ஒருவர் தம் நிலத்தை இழந்தால் அவருக்கு ஈடு கொடுக்க ஒரு நிதியும் ஏற்படுத்தப்பட்டது. இந்த நிதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் இதனிடம் வருவோம்.

மூல ஓலையும் படியோலையும்

பத்திரத்தை எப்படி நம்புவது என்னும் கேள்வி நமக்குப் புதியதன்று. சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறும் தடுத்தாட்கொண்ட வரலாற்றை எண்ணிப் பாருங்கள். மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை, ‘நீ எனக்கு வழிவழி அடிமை’ என்று ஒரு முதியவர் வந்து தடுக்கிறார். சான்றாக ஓர் ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ‘கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது’ என்கிறார் முதியவர். அவையோர் அதைப் படிக்கச் செய்து, சுந்தரரின் பாட்டனார் கைச்சாத்திட்டு ஏற்கெனவே காவலில் இருந்த வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர்.

பக்தர்கள் இதில் இறைவனின் அருளைக் காண்பர். ஆவணம் பயில்வோர் மூன்று செய்திகளைக் காணலாம். ஒன்று, ஒரு படி அழிந்தாலும் இன்னொன்று இருக்கவேண்டும். இரண்டு, ஓர் ஓலையின் மெய்ம்மையை வேறிடத்தில் காவலில் உள்ள மற்றோர் ஓலையோடு ஒப்பிட்டு அறியவேண்டும். மூன்று, ஒப்பிடுவதற்கு ஊரறிந்த ஓர் அவை வேண்டும். தொடரேடு இம்மூன்றனுள் முதலிரண்டையும் எந்திரத்தின் விரைவோடு செய்கிறது. மூன்றாவதை அதனால் செய்ய இயலாது. இக்கட்டுரை சொல்ல வந்த செய்தி இதுவே.

தொடரேடு யாது?

எந்த நீளமான எழுத்தையும் ஒரு குறிப்பிட்ட கணக்கு விதிக்குள் செலுத்தி, அதற்கென ஒரு முத்திரை எண்ணைப் பெறலாம். எழுத்தில் ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை எண் மாறிவிடும். ஒவ்வொரு பதிவின் முத்திரையையும் கணக்கிடும்போது அதற்கு முந்திய பதிவின் முத்திரையையும் உள்ளே சேர்த்துக்கொண்டால், பதிவுகள் சங்கிலி போலக் கோக்கப்பட்டுவிடும். இவ்வளவுதான் தொடரேட்டின் உயிர்நிலை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாளும் பென்சிலும் போதும். விதி இது: முந்திய முத்திரையை 7-ஆல் பெருக்கி, புதிய பதிவின் எண்ணைக் கூட்டி, 97-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்க. மூன்று பதிவுகளின் எண்கள் 12, 31, 40 என்று கொள்வோம். தொடக்க முத்திரை 0. முதற் பதிவின் முத்திரை 12. இரண்டாவதற்கு 12-ஐ 7-ஆல் பெருக்கி 31-ஐக் கூட்ட 115. 97 போக மீதி 18. மூன்றாவதற்கு 18-ஐ 7-ஆல் பெருக்கி 40-ஐக் கூட்ட 166, மீதி 69. ஆக இறுதி முத்திரை 69.

இப்பொழுது ஒருவர் இரவோடு இரவாக முதற் பதிவில் 12-ஐ 13 என்று திருத்திவிட்டார் என்க. முத்திரைகள் 13, 25, 21 என்று ஓடும். இறுதியில் 69 வரவேண்டிய இடத்தில் 21 வந்து நிற்கும். பதிவேடு முழுவதையும் நாம் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை. 69 என்னும் இறுதி எண்ணைக் குறித்து வைத்திருந்தாலே களவு வெளிப்பட்டுவிடும். நம் கணக்கில் முத்திரைகள் 97-தான் இருக்க முடியும். ஆதலால் கள்ளன் பொருத்தமான எண்ணை எளிதில் தேடிப் பிடித்துவிடுவான். உண்மையில் வழங்கும் ஷா-256 என்னும் விதியிலோ முத்திரைகளின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்ட பேரெண். வேண்டிய முத்திரையைத் தரும் வேறொரு எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்றுள்ள எந்தக் கணிப்பொறிக்கும் ஆகாத செயல்.

ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்னும் இருவர் ஆவணங்களை இங்ஙனம் கோக்கும் முறையை 1991-இல் வெளியிட்டனர். பின்னர் 1995 முதல், வாரந்தோறும் தங்கள் தொடரின் முத்திரையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் விளம்பரப் பகுதியில் அச்சிடச் செய்தனர். பல்லாயிரம் வீடுகளுக்குச் சென்றுவிட்ட நாளிதழை யார் திருத்த முடியும்? 2008-இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளிவந்த கட்டுரை இம்முறையைப் பணத்துக்குப் பயன்படுத்தியது, அதுவே பிட்காயின். நிலப் பதிவுக்கு அத்தகைய பணம் எதுவும் வேண்டியதில்லை. பதிவுத் துறை, மாநகராட்சி, நில அளவைத் துறை, வங்கிகள் ஆகியவை ஒரே ஏட்டின் படிகளை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, ஒன்றை ஒன்று சரிபார்த்துக்கொண்டால் போதும். ஓர் அலுவலகத்தில் தாள் கிழிந்தாலும், தீப்பிடித்தாலும், கையூட்டு வாங்கி ஒருவர் திருத்தினாலும் மற்றப் படிகள் சாட்சி சொல்லும்.

நம் நாட்டிலும் இதற்கான வேலை தொடங்கிவிட்டது. தேசியத் தகவலியல் மையம் 2020 ஜனவரியில் இதற்கெனச் சிறப்பு மையம் ஒன்றைத் திறந்தது. திறந்த இடம் நம் பெங்களூரே. தமிழ்நாடு அரசு 2020-இல் தொடரேட்டுக் கொள்கை வெளியிட்டு, ‘நம்பிக்கை இணையம்’ என்னும் அழகிய பெயரில் ஒரு கட்டமைப்பையும் உருவாக்கியது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு ‘விஷ்வஸ்யா’ என்னும் பொதுத் தளத்தைத் தொடங்கி வைத்தது.

இரு நாடுகள் தரும் படிப்பினை

தொடரேடு வைத்தவுடன் நிலச் சிக்கல் தீர்ந்துவிடுமா? ஜார்ஜியா, ஹோண்டுராஸ் என்னும் இரு சிறு நாடுகளைப் பார்ப்போம்.

கருங்கடல் ஓரத்தில் உள்ள ஜார்ஜியா 2016-இல் இம்முயற்சியில் இறங்கியது. சில ஆண்டுகளுக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உரிமைச் சான்றுகளின் முத்திரைகள் தொடரேட்டில் ஏறின. நடு அமெரிக்காவில் உள்ள ஹோண்டுராஸ் அதற்கு ஓராண்டு முன்னரே, 2015-இல், ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு பேசத் தொடங்கியது. உலகெங்கும் செய்தி பரவியது; ஆனால் அவ்வாண்டு முடிவதற்குள் முயற்சி நின்றுபோயிற்று. இரண்டும் ஒரே தொழில்நுட்பம். வேறுபாடு எங்கே? ஜார்ஜியா 2004 முதலே தன் பதிவுத் துறையைப் புதுக்கி, பழைய ஏடுகளைச் சரிசெய்து வைத்திருந்தது. துலக்கி வைத்த பாத்திரத்துக்கு மூடி போட்டது போல ஆயிற்று. ஹோண்டுராசிலோ அவ்வாறு ஏடுகளையே செப்பம் செய்யும் வேலை எஞ்சியிருந்தது. அரசியல் உடன்பாடும் கூடி வரவில்லை.

நம் கருநாடகத்திலும் ஒரு படிப்பினை உண்டு. 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய ‘பூமி’ திட்டத்தில் ஏறத்தாழ 67 இலட்சம் உழவர்களின் 2 கோடி நிலச் சீட்டுகள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. கிராமக் கணக்கரைத் தேடி அலையாமல் தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டிச் சீட்டுப் பெறும் நிலை வந்தது. இது பெரிய நன்மை. ஆயினும், நிலச் செய்திகள் ஓரிடத்தில் குவிந்ததால் பெருந்தொகை வைத்திருப்போர் நிலம் தேடி வாங்குவது எளிதாயிற்று என்று சாலமன் பெஞ்சமின் முதலிய ஆய்வாளர்கள் 2007-இல் எழுதினர். கருவி ஒன்றே ஆனாலும் அதனால் வரும் பயன் கையின் வலிமைக்கு ஏற்பவே அமைகிறது.

மர்பி டவுனில் வைத்துப் பார்ப்போம்

அல்சூரை அடுத்துள்ள மர்பி டவுனுக்கு முன்னர் நாக்ஸ்பேட்டை என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கண்டோன்மெண்டில் உழைத்த ஏழை மக்களுக்காக, சிறப்பாக ஒடுக்கப்பட்ட மக்களுக்காக, திட்டமிட்டு அமைக்கப்பட்ட குடியிருப்பு இது. அதை அமைத்த பொறியாளர் மர்பியின் பெயரே இன்று வழங்குகிறது. பிழைப்புத் தேடி வந்த தமிழர் பலருக்கு நிழல் கொடுத்த இடம்.

இங்குள்ள ஒரு தெரு எத்தனை ஆட்சிகளைக் கண்டிருக்கிறது என்று எண்ணுங்கள். 1947 வரை ஆங்கிலேயரின் சிவில் அண்டு மிலிடரி ஸ்டேஷன். அவ்வாண்டு அது மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949-இல் நகரமும் கண்டோன்மெண்டும் இணைந்து ஒரே மாநகராட்சி ஆயிற்று. 2007-இல் அது பெருநகர மாநகராட்சியாக விரிந்தது. 2025-இல் அதுவும் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஏடுகள் கைமாறின. ஆங்கிலத்தில் எழுதிய பெயர் கன்னடத்துக்குப் போயிற்று; கன்னடத்திலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்கு வந்தது. முனுசாமி என்பவர் ஓர் ஏட்டில் முனிசாமி, மற்றோர் ஏட்டில் முனிசுவாமி. நம்மவர் பெயருக்கு முன் இடும் தலையெழுத்து ஒரு சீட்டில் முன்னே நிற்கும். ஒரு சீட்டில் பின்னே போகும். ஒரு சீட்டில் இராது. மனிதக் கண்ணுக்கு இவர் மூவரும் ஒருவரே. முத்திரை எண்ணுக்கோ ஒரு புள்ளி மாறினாலும் வேறு.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். அவர் வீட்டு வரிச் சீட்டு இன்றும் அவருடைய மாமனார் பெயரிலேயே வருகிறது. மாமனார் காலமானார், கணவரும் காலமானார், பெயர் மாற்றத்துக்கு நடந்து நடந்து ஓய்ந்துபோனார். நான் இக்கட்டுரைக்காகச் செய்திகளைத் திரட்டுவதை அறிந்து அவர் கேட்டார்: “தம்பி, கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா அப்புறம் யாராலயும் மாத்த முடியாதுன்றாங்களே, அது நெசமா? அப்போ என் பேரை எப்ப ஏத்துவாங்க?”

பிளாக்செயினைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் பலவற்றுள் இவ்வளவு கூரிய கேள்வியை நான் காணவில்லை. தொடரேடு, ஏறியதை மாறாமல் காக்கும். மெய் ஏறினால் மெய்யைக் காக்கும். பொய் ஏறினால் பொய்யையும் அதே உறுதியோடு காக்கும். ஏறாமல் விடுபட்டவரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஆள்மாறாட்டம் செய்து எழுதிய பத்திரத்துக்கு அலுவலர் ஒப்பமிட்டுவிட்டால், அதன் முத்திரையும் குறையின்றியே பொருந்தும்.

சட்டத்தைப் பாருங்கள். உயில் எழுதாமல் தந்தை இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொந்தச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர்க்குச் சம பங்கு உண்டு. கிறித்தவக் குடும்பமாயின் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்கு. ஆனால் நடைமுறையில் காகிதம் மூத்த மகன் பெயருக்கு மாறுகிறது. கட்டிக் கொடுத்த பெண்ணின் பெயர் எழுதப்படாமலே போகிறது. தாள் ஏடாக இருந்தவரை, அது முழுச் சான்று ஆகாது என்னும் குறையே அப்பெண்ணுக்கு ஒரு வகையில் காவலாக இருந்தது; நீதிமன்றம் சென்று கேட்க வழியிருந்தது. மாறாத ஏடு என்ற பெயரில் அரைகுறை உண்மையைப் பூட்டிவிட்டு, அதுவே முடிந்த முடிபு என்று நாளை ஒரு சட்டமும் வந்துவிட்டால், அந்த வழியும் அடைபட்டுவிடும்.

பூட்டுவதற்கு முன்

இதனால் தொடரேடே வேண்டாம் என்பது என் கருத்தன்று. ஏழையின் பத்திரத்தை இரவில் திருத்துவது இயலாது என்றால், அதனால் பெரும்பயன் அடைபவன் ஏழையே. வழக்கறிஞரும் செல்வாக்கும் இல்லாதவனுக்கு ஏடுதானே துணை! ஆகவே வேண்டியவை நான்கு.

முதலாவது, ஏட்டில் ஏற்றுமுன் வீட்டு வாரியாகப் பட்டியலைத் தெருவிலேயே ஒட்டி, கன்னடத்திலும் அவ்விடத்து மக்கள் பேசும் மொழியிலும் படித்துக் காட்டவேண்டும். அண்டை வீட்டாரே திருவெண்ணெய்நல்லூர் அவை. எவர் எங்கே எத்தனை ஆண்டாக வாழ்கிறார், எவர் எவருக்குப் பிறந்தார் என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் இல்லை.

இரண்டாவது, திருத்தும் வழி எளிதாகவும் செலவு குறைந்ததாகவும் இருக்கவேண்டும். தொடரேட்டில் பழைய வரியை அழிக்க முடியாது. ஆனால் அதன் கீழே திருத்த வரியைச் சேர்க்கலாம். நல்ல கணக்கப்பிள்ளை அடித்து எழுதாமல் கீழே எழுதுவது போல. அத்திருத்தத்தை எழுதும் அதிகாரம் யாருக்கு, எத்தனை நாளுக்குள் என்பதைச் சட்டம் சொல்லவேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு வீட்டாருக்கும் தம் பதிவின் முத்திரை எண் அச்சிட்ட சீட்டு ஒன்று தரப்படவேண்டும். நாம் போட்ட கணக்கில் 69 என்னும் எண்ணைக் கையில் வைத்திருந்தவருக்கே களவு தெரிந்தது. எண் அலுவலகங்களிடம் மட்டும் இருந்தால் அவை ஒன்றையொன்று சரிபார்க்கும்; மக்களிடம் இருந்தால் மக்கள் அவற்றைச் சரிபார்ப்பார்கள்.

நான்காவது, பதிவேட்டின் சொல்லே இறுதி என்று அரசு ஆக்க விரும்பினால், பிழையால் இழந்தவருக்கு ஈடு கொடுக்கும் நிதியையும் உடன் வைக்கவேண்டும். 1858-இல் தென் ஆஸ்திரேலியா கண்ட நேர்மை அது. பொறுப்பேற்காத அரசு, ஏட்டை இரும்பில் எழுதினாலும் அது காகிதமே.

நம் கடமை

தோழர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள். ஆங்கிலப் படிவமும் கன்னடச் சீட்டும் படிக்கத் தெரிந்தவர்கள். வழக்கு நடத்தும் ஆற்றல் நமக்கு இல்லாமலிருக்கலாம். ஒரு வீட்டுத் தாள்களை வரிசைப்படுத்தும் ஆற்றல் உண்டு. நம் மன்றத்தின் சார்பில், திங்களுக்கு ஒரு ஞாயிறு நாலைந்து பேர் கூடி, விரும்பி அழைக்கும் வீடுகளில் உட்கார்ந்து, எந்தச் சீட்டில் யார் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் பட்டியல் இட்டுக் கொடுக்கலாம். இறந்தவர் பெயரில் நிற்கும் சீட்டு எது, விடுபட்ட பெண்மக்கள் யார், இல்லாத தாள் எது என்பது அப்பட்டியலில் தெரிந்துவிடும். எவருடைய தாளையும் நாம் எடுத்துச் செல்லக்கூடாது. படம் பிடித்துப் பரப்பவும் கூடாது. எழுதிய பட்டியலை வீட்டாரிடமே கொடுத்துவிடவேண்டும். கன்னட நண்பர்களையும் உடன் அழைத்துக்கொண்டால் வேலை பாதியாகும்; நட்பு இரட்டிப்பாகும்.

தொடரேடு இன்றோ நாளையோ வந்தே தீரும். அதன் பூட்டைச் செய்பவர்கள் வல்லுநர்கள். பலர் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். பெட்டியைப் பூட்டுமுன் உள்ளே வைப்பது சரிதானா என்று பார்க்கும் பொறுப்பு நம்முடையது. அதற்குத் தேவையானவை ஒரு பேனா, ஒரு தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வரும் திங்களிலேயே தொடங்குவோம்.